ஒரு பெயருக்கு ஒரே விகுதி

புளி, தயிர், தேசிக்காய் ஆகிய மூன்றும் நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் பொருள்கள். மூன்றும் புளிப்பவை, ஆயினும் மூன்றன் புளிப்புக்கும் காரணம் ஒன்றன்று. புளியம்பழத்திற் சிறந்து நிற்பது தாத்தாரிக் அமிலம். தயிரில் இலற்றிக் அமிலம். தேசிக்காயிற் சித்திரிக் அமிலம். இம்மூன்று அமிலங்களுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. அவை அமில இயல்பு மட்டும் உடையன அல்ல. மதுசாரம் என நாம் வழங்கும் அற்ககோல் இனத்தின் இயல்பும் அவற்றின் மூலக்கூறுகளில் ஒருங்கே அமைந்துள்ளது. ஒரு பொருளிடத்து இரண்டு இயல்புகள் கூடியிருக்குமாயின், அதற்கு எந்த இயல்பைக் கொண்டு பெயரிடுவது? இவ்வினாவை எளிதாகக் கேட்டுவிடலாம். விடை காண்பதற்கோ இரசாயன அறிஞர்களுக்குப் பல தலைமுறைகள் சென்றன. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இப்பேச்சின் நோக்கம்.

நேயர்களே, யான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன், இரசாயனம் கற்பித்தவனல்லன். இவ்விடயத்தில் எனக்கு நாட்டம் ஏற்பட்டதற்கு ஒரு மாணவனே காரணம். எமது பாடசாலையில் இரசாயன ஆசிரியர் விடுமுறையில் இருந்த ஒரு நாள், உயர்தர வகுப்பை மேற்பார்வை செய்ய யானே சென்றேன். ஒரு மாணவன் தன் விடைத்தாளைக் கொணர்ந்து காட்டினான். தயிரிலுள்ள அமிலத்தின் முறைப்படியான பெயரை எழுதுமாறு வினா இருந்தது. "புரொப்பனோலோயிக் அமிலம்" என அவன் எழுதியிருந்தான். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கரும்பலகையில் "2-ஐதரொட்சிபுரொப்பனோயிக் அமிலம்" எனச் சரியான விடை காணப்பட்டது.

"சேர், இந்த மூலக்கூற்றில் அற்ககோலும் உண்டு, அமிலமும் உண்டு. இரண்டுக்கும் உரிய முடிவுகளைச் சேர்த்து எழுதினால் என்ன பிழை?" என்று அவன் கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. "விதி அப்படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பின்னர் மனம் ஒப்பவில்லை. விதி ஒன்று இருக்குமாயின், அதனை வகுத்தவர் யார், வகுக்க நேர்ந்தது ஏன் என்பதும் இருக்கவேண்டுமன்றோ? அன்று தொடங்கிய தேடலின் பயனையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இரசாயனப் பொருள்களின் பெயர்கள் ஒரு முறையின்றி வழங்கின. விற்றியோல் எண்ணெய் என்றனர். அஃது எண்ணெயன்று, அமிலம். அந்திமனி வெண்ணெய் என்றனர். அதில் வெண்ணெய் இல்லை. நாகப் பூ என்றனர்; அது மலருமன்று. கண்ட தோற்றமும், கண்டெடுத்தவர் மனத்திற் பட்ட உவமையுமே பெயராயின. இந்நிலையைச் சீர்செய்யப் பிரான்சில் நால்வர் முன்வந்தனர். கித்தோன் த மொர்வோ, இலவோசியே, பெர்த்தொலே, பூர்க்குருவா என்போர் 1787ஆம் ஆண்டில் இரசாயனப் பெயரீட்டு முறை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். ஒரு பொருளின் பெயர், அஃது எவற்றால் ஆயது என்பதைக் கூறவேண்டும் என்பது அவர் கொள்கை. உப்புகளுக்கும் உலோகங்களுக்கும் அம்முறை நன்கு பொருந்திற்று. தாவரங்களிலும் விலங்குகளிலும் இருந்து பெறப்பட்ட சேதனப் பொருள்களுக்கோ அது போதவில்லை. அவை பெரும்பாலும் காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் என்னும் சில மூலகங்களாலேயே ஆயவை. எவற்றால் ஆயது என்று கூறினால் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே பெயரே கிடைக்கும்.

ஆகவே சேதனப் பொருள்கள் தாம் பிறந்த இடத்தின் பெயரையே பெற்றன. சுவீடனில் மருந்து வணிகராய் விளங்கிய ஷீலே என்னும் அறிஞர், 1780இல் புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பாலுக்குரிய இலத்தீன் சொல்லினின்று அது இலற்றிக் அமிலமாயிற்று. 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சித்திரிக் அமிலத்தையும், 1785இல் அப்பிளிலிருந்து மலிக் அமிலத்தையும் அவர் பெற்றார். எறும்பிலிருந்து கிடைத்த அமிலம் எறும்பின் இலத்தீன் பெயரையே ஏற்று போமிக் அமிலமாயிற்று. இப்பெயர்கள் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கூறும். அஃது எத்தன்மையது என்று கூறா. பொருள்கள் சிலவாய் இருந்தவரை இதனால் இடர் விளையவில்லை. சிற்றூரில் எல்லாரையும் எல்லாரும் அறிவர். அங்கே வீட்டுப் பெயர் சொன்னாற் போதும்.

சிற்றூர் நகரமாகிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1828இல் வூலர் என்னும் ஜெர்மானியர், உயிர்களின் உடலில் உண்டாகும் யூரியாவை ஆய்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1832இல் அவரும் லீபிக்கும் சேர்ந்து கைப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து, ஓர் அணுத்தொகுதி பல மாற்றங்களுக்கூடாகவும் பிரியாமல் ஒன்றாகச் செல்வதைக் கண்டனர். மூன்றாண்டுகளின் பின்னர் வூலர் தம் ஆசான் பெர்சீலியசுக்கு எழுதிய கடிதமொன்றில், சேதன இரசாயனம் தமக்குக் கரை காணாத ஓர் ஆதிக்காடு போலத் தோன்றுகின்றது என்ற கருத்தை வெளியிட்டார். அக்காட்டில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மரங்கள் முளைத்தன. ஆக்கியவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பெயரைச் சூட்டினர்.

பெயர் ஒருபுறமிருக்க, பொருளின் அமைப்பைப் பற்றியே கருத்தொற்றுமை இருக்கவில்லை. 1861இல் கெக்குலே வெளியிட்ட பாடநூலில், வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்துக்கு அறிஞர்கள் எழுதிய பத்தொன்பது வெவ்வேறு சூத்திரங்கள் நிரைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரு சிறு மூலக்கூற்றுக்கே இந்நிலையெனின் ஏனையவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

தயிரின் அமிலமே அக்காலத்துப் பெரும் விவாதமொன்றுக்குப் பொருளாயிற்று. பாரிஸ் நகரத்து வுர்ட்ஸ், இலற்றிக் அமிலம் இருமூல அமிலம் என்றார். அதாவது அதிலுள்ள இரண்டு ஐதரசன் அணுக்கள் பிறவற்றால் இடம்பெயர்க்கப்படக்கூடியவை என்பது அவர் கண்டது. மார்பேர்க் நகரத்துக் கோல்பே அதனை மறுத்து, அஃது ஒருமூல அமிலமே என்றார். புரொப்பியோனிக் அமிலத்தில் ஓர் ஐதரசனுக்குப் பதிலாக ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம் புகுந்ததே இலற்றிக் அமிலம் என்பது அவர் துணிபு. நெடுநாள் வாதிட்டபின் தெளிந்த உண்மை யாது? இருவர் கண்டதிலும் உண்மை இருந்தது. இடம்பெயர்க்கக்கூடிய ஐதரசன்கள் இரண்டு உண்டு. ஆயின் அவற்றுள் ஒன்றே அமிலத்துக்குரியது; மற்றையது அற்ககோலுக்குரியது. ஒரே மூலக்கூற்றில் இரண்டு தொழிற்பாட்டுக் கூட்டங்கள் அருகருகே வாழ்ந்து, தத்தம் தொழிலைச் செய்கின்றன. தொழிற்பாட்டுக் கூட்டம் என்பது, ஒரு சேர்வையின் நடத்தையைத் தீர்மானிக்கும் அணுத்தொகுதி. இக்கருத்து நிலைபெற்ற பின்னரே, அமைப்பைக் கொண்டு பெயரிடுதல் இயல்வதாயிற்று.

1866இல் ஹொப்மன் ஒரு வழி காட்டினார். ஐதரோகாபன்களுக்கு ஒரே அடியைக் கொண்டு, ஐதரசன் குறையக் குறைய உயிரெழுத்துகளை மாற்றி முடிவுகளை அமைத்தார். மெதேன், எதேன், புரொப்பேன் என இன்று நாம் வழங்கும் பெயர்களில் அவர் கைவண்ணத்தைக் காணலாம். 1889இற் பாரிஸ் மாநகரிற் கூடிய இரசாயன மாநாடு, பெயர்களைச் சீர்செய்ய ஒரு குழுவை நியமித்தது. அதன் பயனாக 1892 ஏப்பிரல் மாதத்தில், ஜெனீவா நகரில், ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 34 அறிஞர்கள் பிரீடல் தலைமையிற் கூடினர். பேயர், எமில் பிஷர், கன்னிசாரோ, இராம்சே, ஆம்ஸ்ட்ரோங் முதலியோர் அவையில் இருந்தனர். சில நாள்களில் 62 தீர்மானங்கள் நிறைவேறின.

ஜெனீவா அவையின் முதல் நோக்கம் மிகத் தெளிவானது. ஒவ்வொரு சேதனச் சேர்வைக்கும், வழக்கிலுள்ள பெயர்கள் எத்தனை இருப்பினும், அட்டவணைகளிலும் அகராதிகளிலும் ஒரே தலைப்பின் கீழ்க் கண்டுகொள்ளத்தக்க முறையான பெயர் ஒன்று வேண்டும் என்பதே அது. சேதனச் சேர்வைகளைத் தொகுக்கும் பெருங்கையேடு ஒன்றைப் பைல்ஸ்டைன் என்பார் முன்னரே வெளியிட்டிருந்தார். இத்தகைய தொகுப்பில் ஒரு பொருளைத் தேடுவோன், அதன் பெயரை அறியாவிடின் எங்ஙனம் காண்பான்? அதற்கு இரண்டு பெயர்கள் இருந்து, அவன் ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் முன்னரே செய்யப்பட்ட வேலையை மீண்டும் செய்து, காலமும் பொருளும் இழப்பானல்லனோ?

ஜெனீவா முறை எளிமையும் அழகும் உடையது. காபன் அணுக்களின் தொடரே பெயரின் அடி. இரண்டு காபன் எனின் எதேன். மூன்று எனின் புரொப்பேன். அத்துடன் தொழிற்பாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும் விகுதி சேரும். அற்ககோலுக்கு ஓல், அலிடிகைட்டுக்கு அல், கீற்றோனுக்கு ஓன், அமிலத்துக்கு ஓயிக். ஆகவே எதனோல், எதனல், புரொப்பனோன், எதனோயிக் அமிலம் என்னும் பெயர்கள் பிறந்தன. பெயரைக் கேட்டவுடன் அமைப்பை எழுதலாம்; அமைப்பைக் கண்டவுடன் பெயரைக் கூறலாம்.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது புதுமையன்று. நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை முதலிய உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். அவ்வாறே இப்பெயர்களும் பகுபதங்கள். நம் நாட்டுக் கறுவாப்பட்டையின் மணத்துக்குக் காரணமாகிய பொருளை 1834இல் டூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் முறைப்பெயர் 3-பீனைல்புரொப்-2-ஈனல். இதிற் புரொப் என்பது பகுதி. அல் என்பது விகுதி. இரட்டைப் பிணைப்பைக் குறிக்கும் ஈன் என்பது, இரண்டுக்கும் நடுவே நிற்றலின், இடைநிலை. பீனைல் என்பது முன்னொட்டு. குற்றியலுகரம் உயிர் வரும்போது நீங்குவது போல, ஆங்கில எழுத்தில் அடியின் ஈற்றுயிரும் விகுதியின் முதலுயிர் வர நீங்கிவிடுகின்றது. வெவ்வேறு நிலங்களிற் பிறந்த இலக்கணங்களிடையே இத்துணை ஒப்புமை காணும்போது வியப்பு மேலிடுகின்றது.

ஆயினும் ஜெனீவா அவையினர் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. தொழிற்பாட்டுக் கூட்டம் ஒன்றாயிருந்தால் விகுதியும் ஒன்று. இரண்டு மூன்று கூட்டங்கள் இருந்தால் யாது செய்வது? அம்முறையைப் பின்பற்றியோர், விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினர். இலற்றிக் அமிலம் புரொப்பனோலோயிக் அமிலமாயிற்று. தாத்தாரிக் அமிலம் பியூற்றேன்-டையோல்-டையோயிக் அமிலமாயிற்று. முதற்பெயரை மீண்டும் நோக்குங்கள், நேயர்களே. எம் மாணவன் எழுதிச் சிவப்புக் கோடு வாங்கிய பெயரன்றோ அது?

அவ்வாறு அடுக்குவதில் உள்ள இடர்ப்பாடு யாது? ஓர் எடுத்துக்காட்டாற் கூறுகின்றேன். நான்கு காபன் அணுக்களின் தொடர் ஒன்றில், ஒரு முனைக் காபனில் அற்ககோற் கூட்டம் இருக்கட்டும். மறுமுனைக்கு அடுத்த காபனிற் கீற்றோன் கூட்டம் இருக்கட்டும். இரண்டு விகுதிகளையும் அடுக்கினால் பியூற்றனோலோன் என்று ஒருவர் எழுதுவார். பியூற்றனோனோல் என்று மற்றொருவர் எழுதுவார். அற்ககோல் இருக்கும் முனையிலிருந்து எண்ணுபவருக்கு அக்கூட்டங்களின் இடங்கள் ஒன்றும் மூன்றும். மறுமுனையிலிருந்து எண்ணுபவருக்கு நான்கும் இரண்டும். பொருள் ஒன்று, பெயரோ நான்கு. நான்கும் பிழையற்றவை, நான்கும் அகராதியில் வெவ்வேறிடங்களில் நிற்பவை. ஒரே தலைப்பு வேண்டும் என்ற ஜெனீவாவின் நோக்கம் இங்கே சிதைந்துவிடுகின்றது. கூட்டங்கள் மூன்றாகவும் நான்காகவும் பெருகும்போது குழப்பமும் பெருகும்.

இதனைத் தீர்க்கும் முயற்சி உடனே கைகூடவில்லை. முதல் உலகப் போர் நாடுகளைப் பிரித்தது. 1919இல் அனைத்துலக இரசாயன ஒன்றியம் நிறுவப்பட்டபோது, சேதன இரசாயனத்தின் பெருங்கூடமாய் விளங்கிய ஜெர்மனிக்குத் தொடக்கத்தில் அங்கே இடமில்லை. பொதுமொழி வகுக்க முனைந்தோர் ஒருவரோடொருவர் பேசாதிருந்த காலம் அது. 1930இற் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், ஹொலெமன் தலைமையிலான குழுவின் விதிகள் ஏற்கப்பட்டன. பலவகைக் கூட்டங்கள் கொண்ட சேர்வைகளுக்கு அங்குதான் வழி பிறந்தது. அவ்வழி இதுவே: எத்தனை வகைக் கூட்டங்கள் இருப்பினும், அவற்றுள் ஒரு வகையே தலைமைக் கூட்டம், அதற்கு மட்டுமே விகுதி, ஏனைய யாவும் முன்னொட்டாக நிற்றல் வேண்டும். ஜெனீவாவிலிருந்து லியேஜ் வரை 38 ஆண்டுகள் சென்றன.

தலைமை எதற்குரியது என்பதை விளக்கும் முன்னுரிமை வரிசையை, 1965இல் வெளிவந்த விதித்தொகுதி விரிவாகக் கூறிற்று. பொதுவாகக் கூறின், அமிலம் எல்லாவற்றுக்கும் முன் நிற்கும். அதன் பின்னர் எசுத்தர், ஏமைட்டு, நைத்திரைல், அலிடிகைட்டு, கீற்றோன், அற்ககோல், அமீன் என வரிசை இறங்கும். குளோரின், புரோமின் போன்றவையும் நைத்திரோக் கூட்டமும் என்றும் முன்னொட்டாகவே நிற்பவை. அவற்றுக்குத் தலைமை இல்லை. எண்ணிடும்போதும் தலைமைக் கூட்டத்துக்கே இயன்றவரை சிறிய எண் கொடுக்கப்படும். முன்னொட்டுகள் பலவாயின் ஆங்கில அகரவரிசையில் நிற்கும்.

இவ்விதியை மேற்கூறிய நான்கு காபன் சேர்வைக்குப் பொருத்திப் பாருங்கள். கீற்றோன் அற்ககோலுக்கு முற்பட்டது. ஆகவே ஓன் என்னும் விகுதி அதற்கே. அதற்குச் சிறிய எண்ணாகிய இரண்டு கிடைக்கின்றது. அற்ககோல் ஐதரொட்சி என்னும் முன்னொட்டாகி நான்காம் இடத்தைக் குறிக்கின்றது. பெயர் 4-ஐதரொட்சிபியூற்றன்-2-ஓன். முன்னர் நான்கு பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே. இலற்றிக் அமிலத்தில் அமிலத்துக்கே தலைமை. ஆகவே 2-ஐதரொட்சிபுரொப்பனோயிக் அமிலம். புளியின் அமிலம் 2,3-டைஐதரொட்சிபியூற்றேன்டையோயிக் அமிலம்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. அமிலம் முன், அற்ககோல் பின் என்பது இயற்கை இட்ட கட்டளையன்று. மூலக்கூற்றினுள்ளே எக்கூட்டமும் மற்றொன்றுக்குத் தலைவனாய் வீற்றிருக்கவில்லை. விகுதி பெறாத கூட்டம் தன் தொழிலை விட்டுவிடுவதுமில்லை. வரிசை மனிதர் கூடி ஒப்புக்கொண்ட உடன்பாடு. வீதியில் எல்லாரும் இடப்பக்கமாகச் செல்வது என்று உடன்படுவது போன்றதே இது. இடப்பக்கம் வலப்பக்கத்தினும் உயர்ந்ததன்று. எல்லாரும் ஒரே பக்கமாகச் செல்வதே பயன் தருவது.

அவ்வுடன்பாடும் பழைய பெயர்களை அழித்துவிடவில்லை. 2013ஆம் ஆண்டின் விதந்துரைகள் ஒவ்வொரு சேர்வைக்கும் முதன்மையாகக் கொள்ளத்தக்க பெயர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வழிவகுத்தன. அவற்றிற் கூட அசற்றிக் அமிலமும் போமிக் அமிலமும் தம் பழம்பெயரையே முதன்மைப் பெயராகக் கொண்டுள்ளன. இலற்றிக், சித்திரிக், தாத்தாரிக் என்னும் பெயர்களும் பொதுவழக்கில் நிலைத்துள்ளன. எறும்பும் பாலும் இன்னும் இரசாயன நூல்களில் வாழ்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. வீட்டுப் பெயர் வீட்டிலிருக்கட்டும். பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கட்டும்.

தமிழில் அறிவியல் கற்கும் நமக்கு இவ்வரலாறு மற்றொன்றையும் நினைவூட்டுகின்றது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கராகிய கிறீன் வைத்தியரின் முயற்சியால், 1875இலேயே "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. 1950களில் இலங்கை அரசு கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆயினும் இன்றும் நாம் ஒட்சிசன் என்று எழுதுவதைத் தமிழ்நாட்டார் ஆக்சிஜன் என்று எழுதுகின்றனர். நம் ஐதரொட்சி அவர்க்கு ஹைட்ராக்சி. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே மொழியில் ஒரே பாடத்தைக் கற்கும் இரு மாணவர்கள், அகரவரிசையில் ஒரே பொருளை வெவ்வேறிடத்தில் தேடுகின்றனர். எவ்வழக்கு உயர்ந்தது என்று வாதிடுவதினும், கூடியிருந்து உடன்படுவதே பயனுடையது என்பதை ஜெனீவாவும் லியேஜும் நமக்குக் கற்பிக்கின்றன.

இவற்றையெல்லாம் ஓரளவு அறிந்தபின், அம்மாணவனை ஒருநாள் என் அறைக்கு அழைத்தேன். அவன் எழுதிய விடை இன்றைய விதிப்படி பிழையே. அதற்குப் புள்ளி கிடையாது. அதனை மாற்ற யான் முயலவில்லை. ஆயின் அவன் எண்ணியவாறே ஒருகாலத்திற் பேரறிஞர் வழிவந்தோரும் எண்ணினர் என்பதையும், அவ்வழியால் நேர்ந்த இடரையும், அதனை விடுத்து வேறு வழி கண்ட கதையையும் கூறினேன். நான்கு காபன் எடுத்துக்காட்டை அவனே தாளில் எழுதி, நான்கு பெயர்களையும் தானே கண்டான். சற்று நேரம் அத்தாளையே நோக்கியிருந்து, "அப்படியானால் ஒன்றுக்குத்தான் விகுதி கொடுக்கவேண்டும், சேர்" என்றான்.

"விதி அப்படி" என்று யான் அன்று சொன்னதும் அதுவே. ஆனால் அன்று அது கட்டளையாய் இருந்தது. இன்று அவனே கண்ட முடிவாயிற்று.